பாடகர் ஓட்டிஸ் ரெட்டிங்

உலகம் மறவாத பாட்டுகளுள் சில பெருமுயற்சியினாலும் பெரும்பொருட் செலவினாலும் தோன்றின. வேறு சிலவோ பிறர்க்கென ஒதுக்கிய வேளையில் எஞ்சிய சில நிமிஷங்களிலே தோன்றின. பின்னதற்கு அமெரிக்கக் கறுப்பினப் பாடகராகிய ஓட்டிஸ் ரெட்டிங் என்பாரின் சரித்திரம் தக்க சான்றாகும்.

அவர் 1941-ஆம் வருஷம் ஸெப்டம்பர் மாதம் 9-ஆம் தேதி ஜார்ஜியா மாகாணத்தைச் சேர்ந்த டாஸன் என்னும் சிற்றூரிற் பிறந்தார். தகப்பனார் வாரத்துக்கு நிலம் பயிரிட்ட ஏழைக் குடியானவர். சமயம் வாய்த்தபோது தேவாலயத்திற் பிரசங்கமும் செய்வார். குடும்பத்தார் மேக்கன் நகரிற் குடியேறியபின், ஓட்டிஸ் அங்குள்ள வைன்வில் பாப்டிஸ்டு தேவாலயப் பாடகர் குழுவிற் சேர்ந்தார். அங்கே பாடிய ஞானகீதங்களே அவருடைய முதற் சங்கீதப் பயிற்சி.

தகப்பனார் க்ஷயரோகத்தால் நலிவுற்றமையால், ஓட்டிஸ் தமது பதினைந்தாம் வயதிற் பள்ளியை விட்டு நீங்கி, கிணறு தோண்டியும் பெட்ரோல் நிலையத்தில் ஊழியஞ் செய்தும் குடும்பத்தைத் தாங்கினார். ஆயினும் பாட்டை விட்டாரில்லை. மேக்கன் நகரத்து டக்ளஸ் நாடகசாலையில் நிகழ்ந்த போட்டியில் 15 வாரம் தொடர்ந்து வென்று, வாரந்தோறும் ஐந்து டாலர் பரிசு பெற்றார்.

1962-ஆம் வருஷத்தில் ஜானி ஜென்கின்ஸ் என்னும் கிட்டார் வித்வான் இசைத்தட்டுப் பதிவு செய்யும்பொருட்டு மெம்பிஸ் நகரத்து ஸ்டாக்ஸ் நிலையத்துக்குச் சென்றார். அவருக்கு மோட்டார் ஓட்டிச் சென்றவர் ஓட்டிஸ். ஜென்கின்ஸின் பதிவு எண்ணியவாறு அமையவில்லை. குறித்த வேளையிற் சிறிது எஞ்சியிருக்க, மோட்டார் ஓட்டி வந்தவர் தமக்கும் ஒருமுறை பாட இடந்தர வேண்டுமென்று கேட்டுக்கொண்டார். ஸ்டாக்ஸ் நிலையத்துக் கிட்டார் வித்வானாகிய ஸ்டீவ் கிராப்பர் பியானோவின் முன் அமர்ந்தார். தம் காரியங் கைகூடாத ஜென்கின்ஸே கிட்டார் வாசித்து உதவினார். அன்று பிறந்ததே 'தீஸ் ஆர்ம்ஸ் ஆஃப் மைன்' என்னும் காதற்பாட்டு.

அப்பாட்டில் அரிய சொல்லோ கடினமான ஸ்வரக் கோவையோ இல்லை. அன்புக்குரியவளை நினைந்து தனிமையில் ஏங்குவோன் ஒருவனின் விண்ணப்பமே அது. ஓட்டிஸ் தாமே இயற்றியது. தேவாலயத்தில் இறைவனை நோக்கி உருகிய அதே குரல், இங்கே மனிதக் காதலுக்காக உருகிற்று. இவ்வகைச் சங்கீதத்தை, ஆத்துமா எனப் பொருள்படும் 'ஸோல்' என்னும் பெயரால் வழங்குவது மிகப் பொருந்தும். இனப் பாகுபாடு வலுத்திருந்த அந்நகரில், கறுப்பரும் வெள்ளையரும் ஒரே அறையில் அமர்ந்து இத்தகைய இசையை உருவாக்கினர் என்பதும் சிந்திக்கற்பாலது.

1962-ஆம் வருஷத்தில் வெளிவந்த அவ்விசைத்தட்டு, அடுத்த வருஷத்தில் நாட்டின் விற்பனை வரிசையில் இடம்பெற்றது. அதன்பின் 1965-இல் ஜெர்ரி பட்லருடன் சேர்ந்து இயற்றிய 'ஐவ் பீன் லவிங் யூ டூ லாங்' என்னும் மற்றொரு காதற்பாட்டு அவர் கீர்த்தியைப் பன்மடங்கு பெருக்கிற்று.

1967-ஆம் வருஷம் டிஸம்பர் மாதம் 10-ஆம் தேதி, கச்சேரி செய்யும்பொருட்டு அவர் சென்ற விமானம் விஸ்கான்ஸின் மாகாணத்து மொனோனா ஏரியில் விழுந்தது. ஓட்டிஸ் உட்பட எழுவர் மாண்டனர். எக்காள வாத்தியக்காரர் ஒருவரே உயிர் தப்பினார். ஓட்டிஸுக்கு அப்போது வயது 26. சில நாட்களுக்கு முன் அவர் பதிவு செய்திருந்த 'டாக் ஆஃப் தி பே' என்னும் பாட்டு, 1968-இல் விற்பனை வரிசையின் முதலிடத்தை எய்தியது. அவ்வெற்றியைக் காண அவர் இல்லை.

'தீஸ் ஆர்ம்ஸ் ஆஃப் மைன்' பிறந்து 25 வருஷங்களுக்குப் பின், 1987-இல் வெளிவந்த 'டர்ட்டி டான்ஸிங்' என்னும் சினிமாப் படத்தின் வாயிலாகப் புதிய தலைமுறையாரும் அதைக் கேட்டனர். 2007-ஆம் வருஷத்தில் அவர் மனைவி ஸெல்மா அம்மையார், இளைஞரின் கல்விக்கும் சங்கீதப் பயிற்சிக்கும் உதவும்பொருட்டு, கணவரின் பெயரால் ஒரு தர்ம ஸ்தாபனம் நிறுவினார். வறுமையாற் பள்ளியை இழந்தவருக்கு இதனினும் தகுந்த ஞாபகச் சின்னம் வேறில்லை.

அன்று எஞ்சிய நிமிஷங்கள் தற்செயலாய் வாய்த்தவை. அவற்றில் ஒலித்த குரலோ தேவாலயத்திலும் நாடகசாலையிலும் பல்லாண்டு பண்பட்டது. வேளை வாய்ப்பது நம் கையில் இல்லை. அது வரும்போது ஆயத்தமாயிருப்பது நம் கையிலேயே உள்ளது.