பளிங்கெலும்பு கண்ட மருத்துவர்

பிறர் நோயைத் தீர்க்கும் முயற்சியில் தம் உடலையே இழந்த மேலோர் சிலர் உளர். அவருள் ஒருவர் ஹைன்ரிக் ஆல்பர்ஸ்-ஷோன்பர்க் என்னும் மருத்துவர். இவர் ஜெர்மனி நாட்டின் துறைமுக நகரமாகிய ஹாம்பர்க்கில் 1865ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 21ஆம் நாள் பிறந்தார். லைப்சிக் நகரத்துப் பல்கலைக்கழகத்தில் 1891இல் மருத்துவப் பட்டம் பெற்றார்.

1895இல் ரான்ட்ஜன் என்னும் அறிஞர் எக்ஸ்-கதிர்களைக் கண்டறிந்தார். அவை தசையை எளிதில் ஊடுருவும், எலும்பில் தடைப்படும். ஆதலின், உடலை அறுக்காமலே உள்ளிருக்கும் எலும்பைப் படமாகக் காண இயன்றது. பலர் அதனை வேடிக்கையாகக் கண்டு வியந்தனர். ஆல்பர்ஸ்-ஷோன்பர்க்கோ அதனை மருத்துவருக்கு வாய்த்த புதிய கண்ணாகவே கருதினார். 1897இல் டைக்கே என்னும் மருத்துவருடன் சேர்ந்து ஹாம்பர்க்கில் எக்ஸ்-கதிர் நிலையம் ஒன்றை நிறுவினார். அத்துறைக்கெனத் தனி இதழ் ஒன்றையும் தொடங்கினார்.

1904இல் இருபத்தாறு வயது இளைஞர் ஒருவரின் எக்ஸ்-கதிர்ப் படங்களை அவர் ஆராய்ந்தார். அவ்விளைஞரின் எலும்புகள் பலமுறை முறிந்திருந்தன. படத்திலோ அவை மெலிந்து தோன்றவில்லை; பளிங்கைப் போல வெண்மையாய்ச் செறிந்து தோன்றின. இதுகாறும் எவரும் விளக்காத நோய் இது என்பதை உணர்ந்து, அதனை மருத்துவ உலகிற்கு அறிவித்தார். பிற்காலத்தார் இதனைப் பளிங்கெலும்பு நோய் என்றனர்; அவர் பெயராலும் வழங்கினர்.

இறுகிய எலும்பு முறிவது எவ்வாறு? மூங்கில் வளைந்து கொடுக்கும். சிலேட்டுப் பலகையோ கடினமாயினும் விழுந்தால் உடையும். நம் எலும்பு நாள்தோறும் புதுப்பிக்கப்படுவது. சில உயிரணுக்கள் பழைய எலும்பைக் கரைக்கின்றன. வேறு சில புதிய எலும்பைக் கட்டுகின்றன. இந்நோயில் கரைக்கும் வேலை தடைப்படுகிறது. கட்டும் வேலை மட்டும் நடக்கிறது. அதனால் எலும்பு தடித்து, குருதியை ஆக்கும் மச்சைக்கு இடம் குறுகுகிறது. கண்ணுக்குச் செல்லும் நரம்பும் நெருக்குண்கிறது.

இந்நோயின் கொடிய வகை குழந்தைப் பருவத்திலேயே தோன்றும். பெற்றோர் இருவரும் நலமாயிருப்பினும், இருவரிடமும் மறைந்துள்ள மரபுக்குறை ஒன்றுசேரின் மகவுக்கு நோய் உண்டாகும். நெருங்கிய உறவில் நிகழும் திருமணங்களில் இது நேரும் வாய்ப்பு மிகுதி.

நோயைக் காட்டித் தந்த அக்கதிர்கள் தீங்கும் விளைப்பன. அவை விலங்குகளின் இனப்பெருக்க உறுப்புகளைக் கெடுப்பதை 1903இலேயே ஆல்பர்ஸ்-ஷோன்பர்க் சோதனையால் காட்டினார். ஈயத் தடுப்புகளின் இன்றியமையாமையையும் வற்புறுத்தினார். எனினும், காப்பின்றிக் கழிந்த தொடக்க ஆண்டுகளின் கேடு அவரை விடவில்லை. கைகளில் புண் தோன்றிப் புற்றாக மாறியது. இடக்கையை வெட்டியெடுக்க நேர்ந்தது. வலக்கையிலும் ஒரு விரல் போயிற்று. அந்நிலையிலும் அவர் பணியைக் கைவிடவில்லை. 1919இல் ஹாம்பர்க் பல்கலைக்கழகத்தில் எக்ஸ்-கதிர்த் துறைப் பேராசிரியரானார். 1921 சூன் 4ஆம் நாள் தம் ஐம்பத்தாறாம் வயதில் மறைந்தார். கதிர்களால் உயிர்நீத்த பன்னாட்டாரின் நினைவாக, அவர் பணியாற்றிய மருத்துவமனை வளாகத்தில் 1936இல் ஒரு கல் நாட்டப்பெற்றது. அவர் பெயரும் அதில் உண்டு.

கடல் கடந்த அந்நகரில் அவர் கண்ட அடையாளம் எந்நாட்டுக் குழந்தைக்கும் பொது. நம் மார்த்தாண்டத்தில் ஒரு குழந்தை வெளுத்து மெலிந்து, வயிறு வீங்கி, பார்வை மங்கக் காணின், மருத்துவர் முதலில் ஓர் எக்ஸ்-கதிர்ப் படம் எடுத்துப் பார்க்கலாம். எலும்புகள் பளிங்காய்த் தோன்றினால் ஐயம் வலுப்படும். மரபணுச் சோதனை அதனை உறுதிசெய்யும். பிறர் மச்சையைச் செலுத்திக் குணப்படுத்தும் முறை 1980 முதல் மருத்துவ உலகில் அறியப்பட்டுள்ளது. ஆயினும், இழந்த பார்வை பெரும்பாலும் மீள்வதில்லை. ஆகவே, காலத்தே நோயை அறிதலே முதற்கடமை. இமைப்பொழுதில் எடுக்கும் அப்படம் குழந்தைக்குத் தீங்கின்றி அமைவது, ஒருவர் தம் கையை இழந்து கற்பித்த பாடத்தின் பயனாகும்.