தெரியாததற்கும் இடம் தந்த எட்கர் காட்

காலியாகக் கிடக்கும் கட்டமும் ஒரு செய்தி சொல்லும் என்று கணிப்பொறி உலகுக்கு உணர்த்திய அறிஞர் எட்கர் காட். இவர் 1923 ஆகஸ்டு 19-ஆம் நாள் இங்கிலாந்தின் போர்ட்லண்ட் தீவில் பிறந்தார். ஆக்ஸ்போர்டில் கணிதமும் வேதியியலும் பயின்றார். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் விமானப்படை விமானியாகப் பணியாற்றினார். பின்னர் அமெரிக்கா சென்று, 1949-இல் ஐ.பி.எம். நிறுவனத்தில் சேர்ந்தார். நாற்பது வயதைக் கடந்தபின், 1965-இல் மிச்சிகன் பல்கலைக் கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்றார்.

அந்நாளில், சேமித்த தகவல் எவ்வாறு அடுக்கப்பட்டுள்ளது என்பதை அறியாமல் அதை வெளியே எடுக்க இயலாது. இத்தொல்லை தீர, தகவல்களை அட்டவணைகளாகக் கருதும் முறையை 1970-இல் காட் வெளியிட்டார். என்ன வேண்டும் என்று கேட்டாலே போதும். தேடும் வழியைக் கணிப்பொறி பார்த்துக்கொள்ளும்.

ஆனால், அட்டவணையில் ஒரு விவரம் இல்லையென்றால்? விடைத்தாள் இன்னும் திருத்தப்படாத மாணவன் ஒருவனை எண்ணிப் பாருங்கள். அவனுக்குச் சுழி என்று எழுதுவது பொய். அவன் மதிப்பெண் தெரியவில்லை என்பதே மெய். இத்தகைய இடத்துக்குரிய அடையாளமே 'நல்'. உண்மை, பொய் என்னும் இரண்டோடு, தெரியாது என்னும் மூன்றாவது விடையும் வேண்டுமென 1979-இல் காட் விளக்கினார். மூன்று விடைகள் கொண்ட தருக்கத்தைப் போலந்து அறிஞர் லுகாசியேவிச் 1920-இலேயே வகுத்திருந்தார்.

இதன் விளைவு வியப்பானது. 35-க்குக் குறைவாகப் பெற்றவர் யார் என்று கேட்டால் அம்மாணவன் பெயர் வராது. 35-உம் அதற்கு மேலும் பெற்றவர் யார் என்றாலும் வராது. உண்மை என உறுதியானவற்றையே கணிப்பொறி எடுத்துத் தரும். மதிப்பெண் 'நல்'லுக்குச் சமமா என்பதும் பயனற்ற கேள்வியே. தெரியாத ஒன்று எதற்குச் சமம் என்று யாரால் கூற முடியும்? மதிப்பெண் 'நல்'லாக உள்ளதா என்று தனியே வினவ வேண்டும். அதற்கென்றே எஸ்.க்யூ.எல். மொழியில் 'இஸ் நல்' என்னும் தொடர் அமைந்துள்ளது. மறந்தால், மாணவன் இரு பட்டியலிலும் இல்லாமல் மறைந்துபோவான்!

1981-இல் டூரிங் விருது காட்டை வந்தடைந்தது. 1985-இல் அவர் வகுத்த விதிகளில் மூன்றாவது, 'நல்'லை முறையாகக் கையாளுவது பற்றியதே. விடைத்தாள் திருத்தப்படாதவனையும், அப்பாடத்தையே எடுக்காதவனையும் ஒன்றாகக் கருதலாகாது என்பதால், 1990-இல் வந்த தம் நூலில் இருவகை அடையாளங்களை வகுத்தார். அவருடன் உழைத்த கிறிஸ் டேட்டே 'நல்' கூடாதென வாதிட்டார். ஆயினும் காட் தம் கொள்கையைக் கைவிடவில்லை. 2003 ஏப்ரல் 18-இல் புளோரிடாவில் மறைந்தார்.

நண்பர்களே, தெரியாததைச் சுழியாக்கிக் கணக்கை முடிப்பது எளிது. தெரியாது என்று எழுதிவைத்து, அதை மறவாமல் கேட்பதே அறிவுடைமை.