கென்னத் கிரஹாம்

கென்னத் கிரஹாம் (மார்ச் 8, 1859 – ஜூலை 6, 1932) ஒரு பிரித்தானிய எழுத்தாளர் ஆவார். படகு உலாவையும் மோட்டார் வண்டி மோகத்தையும் சித்தரிக்கும் த விண்ட் இன் த வில்லோஸ் என்னும் சிறுவர் புதினத்திற்காகப் பெரிதும் அறியப்படுகிறார்.

வாழ்க்கை

ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் பிறந்தார். 1864 இல் தாயார் இறந்ததும், இங்கிலாந்தில் தேம்ஸ் ஆற்றை அண்மித்த குக்கம் டீன் சிற்றூரில் பாட்டியிடம் வளர்ந்தார். ஆற்றின் மீதான இவரது ஈடுபாடு அங்கேயே தொடங்கியது. ஆக்ஸ்போர்டில் பள்ளிக் கல்வி பெற்றார். அங்குள்ள பல்கலைக்கழகத்தில் பயில விரும்பினார். செலவு கருதி உறவினர் மறுத்தனர். 1879 இல் இங்கிலாந்து வங்கியில் எழுத்தராகச் சேர்ந்து, 1898 இல் அதன் செயலாளரானார். விடுமுறைகளில் கார்ன்வாலின் ஃபோய் துறைமுகத்தில் படகோட்டி மகிழ்ந்தார். 1908 இல் பதவி விலகினார்.

புதினம்

இவரது ஒரே மகன் அலஸ்டயர் (பிறப்பு 1900) பார்வைக் குறைபாடு உடையவர். அவருக்கு இரவில் சொன்ன கதைகளும் 1907 இல் எழுதிய கடிதங்களுமே 1908 அக்டோபரில் நூலாக வெளிவந்தன. இதில் நீரெலி தன் சிறுபடகில் மனநிறைவு காண்கிறது. தேரையோ படகை விட்டுக் குதிரை வண்டிக்கும், பின் மோட்டார் வண்டிக்கும் தாவி, ஒரு வண்டியைத் திருடிச் சிறை செல்கிறது. இலையுதிர்காலம் நெருங்கிப் பறவைகள் தெற்கே புறப்படும்போது நீரெலிக்கும் ஊர்விட்டுச் செல்லும் ஆசை எழுகிறது. அகழெலி அதைத் தடுத்து நிறுத்துகிறது.

பிற்காலம்

ஆக்ஸ்போர்டில் பயின்றுவந்த அலஸ்டயர், 1920 மே மாதத்தில், இருபது வயது நிறைவதற்குச் சில நாட்கள் முன்னர் தொடருந்துப் பாதையில் இறந்தார். கிரஹாம் வேறு புதினம் எதுவும் எழுதவில்லை. 1924 முதல் தேம்ஸ் கரையிலுள்ள பாங்பர்னில் வாழ்ந்து அங்கேயே காலமானார். ஆக்ஸ்போர்டில் மகனின் கல்லறையிலேயே இவரது உடலும் உள்ளது. தாம் பயில இயலாத அப்பல்கலைக்கழகத்தின் பொட்லியன் நூலகத்திற்கே தம் நூல்களின் உரிமத்தொகையை உயில் எழுதி வைத்தார்.