நம்ம கள்ளக்குறிச்சியில் படித்த பையன்

போன மாதம் இதே சுவரில் கல்வராயன் மலைப் பேய்க் கதை ஒன்று ஒட்டியிருந்ததே, ஞாபகம் இருக்கிறதா? அதை எழுதியவன் நான்தான். வெள்ளிமலைக்குப் போகும் கடைசி பஸ், கொட்டும் மழை, வளைவில் வெள்ளைச் சேலை கட்டிய உருவம். பயப்பட வேண்டிய இடத்தில்தான் எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தீர்கள். தமிழ் ஐயா மட்டும் சிரிக்கவில்லை. பஸ்ஸில் வந்தவன் யார், அவனுக்கு வீட்டில் யார் யார், அவன் போய்ச் சேராவிட்டால் யார் அழுவார்கள் என்று கேட்டார். முழித்தேன். நான் பேயை மட்டும்தான் யோசித்திருந்தேன், ஆளை யோசிக்கவே இல்லை. ஐயா ஒன்றும் சொல்லாமல் நூலகத்திலிருந்து புதுமைப்பித்தன் கதைகள் புத்தகத்தை எடுத்து என் கையில் கொடுத்தார்.

அதில் இருந்த வாழ்க்கைக் குறிப்பைப் படித்ததும் துள்ளிக் குதித்தேன். அவர் சின்னப் பிள்ளையாக இருந்தபோது நம்ம கள்ளக்குறிச்சியிலும் படித்திருக்கிறார்! திருநெல்வேலிக்காரர் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். உங்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்? அதனால்தான் இந்த மாதம் நான் கதை எழுதாமல் அவர் கதையை எழுதுகிறேன்.

அவருடைய சொந்தப் பெயர் சொ. விருத்தாசலம். 1906 ஏப்ரல் 25-ல் கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் பிறந்தார். அப்பா சொக்கலிங்கம் பிள்ளை தாசில்தார். சர்க்கார் உத்தியோகம் என்றால் மாற்றல் இல்லாமலா? செஞ்சி, திண்டிவனம், கள்ளக்குறிச்சி என்று பையனின் படிப்பும் ஊர் ஊராக நடந்தது. அப்போது இதெல்லாம் தென்னாற்காடு ஜில்லா. (நாம் 1993-ல் விழுப்புரம் மாவட்டத்துக்குப் போய், 2019-ல்தான் தனி மாவட்டம் ஆனோம்.) நம்ம மைதானத்தில் நின்று மேற்கே பார்த்தால் தெரிகிற மலையை அவரும் பார்த்திருப்பார் என்று நினைத்தால் ஒரு மாதிரியாக இருக்கிறது.

எட்டு வயதில் அவருக்கு அம்மா இல்லாமல் போய்விட்டார். அப்பா இரண்டாம் கல்யாணம் செய்துகொண்டார். இதைப் புத்தகத்தில் ஒரே வரியில் போட்டிருந்தார்கள். எட்டு வயது என்றால் மூன்றாம் வகுப்பு. நான் அந்த வரியில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன். பிற்காலத்தில் அவர் ‘சிற்றன்னை’ என்று ஒரு குறுநாவல் எழுதினார். தாயில்லாப் பிள்ளைகளும் அந்த வீட்டுக்கு வந்த சித்தியும்தான் அதில் வருகிறவர்கள். இயக்குநர் மகேந்திரன் 1979-ல் எடுத்த ‘உதிரிப்பூக்கள்’ படத்துக்கு இதுதான் மூலம். படத்தை டிவியில் பார்த்திருப்பீர்கள், கதையையும் தேடிப் படியுங்கள்.

1918-ல் அப்பா ஓய்வு பெற்றதும் குடும்பம் திருநெல்வேலிக்குப் போனது. அங்கே பள்ளிப் படிப்பு, பிறகு இந்துக் கல்லூரி. பாடப் புத்தகத்தைவிடக் கதைப் புத்தகத்தில்தான் அவருக்கு ஆசை அதிகம். பி.ஏ. முடிக்கும்போது வயது இருபத்தைந்து ஆகிவிட்டது. (இதைப் படித்ததும் எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது. ஆசிரியர்கள் மன்னிக்கவும்!) அப்பாவுக்கு மகன் சர்க்கார் வேலைக்குப் போக வேண்டும், மகனுக்கோ எழுத வேண்டும். இரண்டு பேருக்கும் ஒத்துப்போகவில்லை. 1932-ல் திருவனந்தபுரத்துக் கமலாவைக் கல்யாணம் செய்துகொண்டார். பிறகு எழுத்தை நம்பிச் சென்னைக்குப் புறப்பட்டுவிட்டார்.

1934-ல் ‘மணிக்கொடி’ பத்திரிகையில் அவர் கதைகள் வரத் தொடங்கின. புதுமைப்பித்தன் என்ற பெயர் பிரபலமானது. கவிதை எழுத மட்டும் வேளூர் வெ. கந்தசாமிப் பிள்ளை என்று வேறொரு பெயர். ‘ஊழியன்’, ‘தினமணி’, ‘தினசரி’ என்று பத்திரிகை ஆபீஸ்களில் வேலை பார்த்தார். சம்பளம் போதாது. கமலா அம்மாள் பல நாட்கள் திருவனந்தபுரத்தில் பிறந்த வீட்டிலேயே இருக்க வேண்டியிருந்தது. இவர் சென்னையிலிருந்து கடிதமாக எழுதித் தள்ளுவார். அந்தக் கடிதங்களே பின்னால் ‘கண்மணி கமலாவுக்கு’ என்று புத்தகமாக வந்துவிட்டன.

இனி ஐயா எனக்கு ஏன் இந்தப் புத்தகத்தைக் கொடுத்தார் என்ற விஷயத்துக்கு வருகிறேன்.

முதலில் படித்தது ‘காஞ்சனை’. 1943-ல் எழுதியது. ராத்திரி பதினொரு மணிக்குப் படித்துவிட்டு லைட்டை அணைக்காமலே படுத்தேன். பேய் எங்கே வருகிறது என்று மறுநாள் பகலில் திரும்பப் புரட்டினால், கண்ணுக்கு நேராகப் பேய் என்று சொல்ல ஒன்றுமே இல்லை! ஒரு எழுத்தாளர், அவர் மனைவி, வீட்டு வேலைக்கு வந்து சேர்ந்த ஒருத்தி, இவ்வளவுதான். நடுராத்திரியில் பிண வாடை வருகிறது. புருஷனுக்கு அந்த வேலைக்காரி மேல் சந்தேகம். மனைவிக்கோ அவளை ரொம்பப் பிடித்துவிட்டது. தன் பயத்தை மனைவியிடம் அவரால் சொல்லவும் முடியவில்லை, சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை. அந்த மனைவிக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்றுதான் எனக்குக் கை கால் நடுங்கியது. என் கதையில் பஸ்ஸில் வந்தவனுக்கு நான் ஒரு பெயர்கூட வைக்கவில்லை.

அதே வருடத்தில் எழுதிய ‘செல்லம்மாள்’ கதையில் பேயே கிடையாது. சென்னையில் ஜவுளிக் கடையில் வேலை பார்க்கும் பிரமநாயகம் பிள்ளையும், தீராத நோயில் கிடக்கும் அவர் மனைவி செல்லம்மாளும். கதை தொடங்கும்போதே அவள் இறந்துபோகிறாள். பிறகுதான் பழைய நாட்கள் வருகின்றன. கடைக்குப் போய் உழைத்துவிட்டு வந்து, சமைத்து, மருந்து கொடுத்து, அந்த மனுஷன் படும் பாடு! ஆனால் அவர் அழுது புலம்புவதில்லை. அதனால் நமக்குத்தான் அழுகை வருகிறது. எனக்கு ‘காஞ்சனை’யைவிட இதுதான் பெரிய கதை என்று தோன்றுகிறது.

ஊருக்கே தெரிந்த ஆட்களையும் அவர் விடவில்லை. ‘சாப விமோசனம்’ கதையில் அகலிகை கல்லிலிருந்து பெண்ணான பிறகு கௌதமரோடு எப்படிக் குடும்பம் நடத்தியிருப்பாள் என்று யோசிக்கிறார். நாம் யாராவது அப்படி யோசித்திருக்கிறோமா? சீதையைத் தீக்குளிக்கச் சொன்னது தெரிந்ததும் அகலிகை மறுபடி கல்லாகிவிடுகிறாள். இந்த அகலிகை புராணத்து அகலிகை இல்லை, முழுக்க அவருடைய அகலிகை.

மேரி ஷெல்லியின் பிராங்கன்ஸ்டைன் கதையையும் ‘பிரேத மனிதன்’ என்று தமிழில் தந்திருக்கிறார். எப்போதும் இருட்டையே எழுதினார் என்று நினைத்துவிடாதீர்கள். கடவுள் சென்னைக்கு வந்து கந்தசாமிப் பிள்ளை வீட்டில் விருந்தாளியாகத் தங்கும் கதையைப் படித்தால் வயிறு வலிக்கச் சிரிப்பீர்கள்.

கடைசிக் காலத்தில் சினிமாவுக்குப் போனார். சொந்தமாகப் படம் எடுக்கக் கம்பெனி தொடங்கி அது நடக்கவில்லை. தியாகராஜ பாகவதர் நடித்த ‘ராஜமுக்தி’ படத்துக்கு எழுதப் புனாவுக்குப் போனார். அங்கே காசநோய் வந்துவிட்டது. இப்போது அரசு ஆஸ்பத்திரியில் ஆறு மாதம் மாத்திரை கொடுத்துக் குணப்படுத்திவிடுகிறார்கள். அன்றைக்கு அந்த வசதி ஏது? உடம்பு எலும்பாகத் திருவனந்தபுரத்துக்குக் கமலா அம்மாளிடம் வந்து சேர்ந்தார். பிரமநாயகம் பிள்ளை செல்லம்மாளைப் பார்த்துக்கொண்ட மாதிரி இங்கே கமலா அம்மாள் இவரைப் பார்த்துக்கொண்டார். 1948 ஜூன் 30-ல் இறந்தார். வயது நாற்பத்திரண்டு. மகள் தினகரி அப்போது கைக்குழந்தை மாதிரிதான், 1946-ல் பிறந்தவர்.

2002-ல் தமிழக அரசு அவர் எழுத்துகளை நாட்டுடைமை ஆக்கியது.

என் பஸ் கதையை இப்போது மறுபடி எழுதிக்கொண்டிருக்கிறேன். பஸ்ஸில் வருகிறவனுக்குப் பெயர் வைத்தாகிவிட்டது. வெள்ளிமலையில் அவனுக்கு ஒரு தங்கச்சி இருக்கிறாள், இரண்டு பேருக்கும் ஏதோ சண்டை. என்ன சண்டை என்று இன்னும் பிடிபடவில்லை. புத்தகத்தைத் திங்கட்கிழமை நூலகத்தில் திருப்பிக் கொடுத்துவிடுவேன், வேண்டியவர்கள் முன்கூட்டியே பெயர் சொல்லி வையுங்கள்.