வெறுங்காலில் ஓடி ஜெயித்த அபேபே பிகிலா

ஆப்பிரிக்காவின் கிழக்கே உள்ள மலைநாடு எத்தியோப்பியா. அங்கே ஜாட்டோ என்ற கிராமத்தில் 1932-இல் அபேபே பிகிலா பிறந்தார். சின்ன வயசில் ஆடு மாடு மேய்த்தார். பிறகு பேரரசரின் காவல் படையில் சேர்ந்தார்.

1960-இல் ரோம் ஒலிம்பிக் நடந்தது. மாரத்தான் ஓட்டம் மொத்தம் 42 கிலோமீட்டர், அதுக்கும் மேல 195 மீட்டர். புது ஷூ காலுக்குச் சரியாக இல்லாததால் வெறுங்காலோடயே ஓடினார். நாம மைதானத்தை ரெண்டு சுத்து ஓடினாலே கல்லு குத்துதுன்னு நின்னுடுறோம்!

ரோமில் ஒரு பெரிய கல்தூண் இருந்தது. அது எத்தியோப்பியாவின் அக்சும் நகரத்துத் தூண். இத்தாலி படையெடுத்து வந்து நாட்டைப் பிடித்தபோது, 1937-இல் அதைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. (2005-இல்தான் திருப்பிக் கொடுத்தார்கள்.) சரியாக அந்தத் தூண்கிட்ட வந்ததும்தான் பிகிலா வேகம் பிடித்தார். 2 மணி 15 நிமிடத்தில் ஓடி முடித்துத் தங்கம் வாங்கினார். அது உலக சாதனை.

1964-இல் டோக்கியோவில் மறுபடியும் தங்கம். குடல்வால் ஆபரேஷன் ஆகி ஒரு மாசம் சொச்சம்தான் ஆகியிருந்தது! இந்தத் தடவை ஷூ போட்டிருந்தார். ஓடி முடித்ததும் களைத்து விழவில்லை, புல்லில் உடற்பயிற்சி செய்தார்.

1969-இல் அவர் ஓட்டிப்போன கார் கவிழ்ந்தது. அதற்குப் பிறகு அவரால் நடக்கவே முடியவில்லை. ஆனாலும் 1970-இல் இங்கிலாந்துக்குப் போய், சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே வில்வித்தைப் போட்டியில் கலந்துகொண்டார். 1973-இல் இறந்தபோது அவருக்கு வயசு 41தான்.