சாம்பலில் கிடைத்த ஈயம்

இங்கிலாந்தில் ஒரு சிற்றூரில் 1761-ம் ஆண்டு பிறந்தவர் வில்லியம் கேரி. செருப்புத் தைப்பது தொழில். அந்தத் தொழிலில் இருந்தபடியே லத்தீன், கிரேக்கம், எபிரேயம் கற்றுக்கொண்டார்.

ஊழியம் செய்யவென்று 1793-ல் குடும்பத்தோடு கல்கத்தா வந்து இறங்கினார். கையில் பணமில்லை. வயிற்றுப்பாட்டுக்கு அவுரிச் சாயத் தொழிற்சாலையில் மேலாளர் வேலை பார்த்தார். மறு ஆண்டே ஐந்து வயது மகன் பீட்டர் நோயில் இறந்தான். மனைவி டாரதிக்குச் சித்தம் கலங்கியது. ஏழாண்டு உழைத்தும் வங்காளிகளில் ஒருவர்கூட ஞானஸ்நானம் பெறவில்லை. ஆனாலும் தொழிற்சாலை வேலைக்கிடையே வேதாகமத்தை வங்காளியில் மொழிபெயர்த்துக்கொண்டே இருந்தார். 1800 டிசம்பரில், சீராம்பூரில் கிருஷ்ண பால் என்ற தச்சர் கேரியின் கையால் ஞானஸ்நானம் பெற்றார். மறு ஆண்டு வங்காளிப் புதிய ஏற்பாடு அச்சாகி வெளிவந்தது.

பெரிய சோதனை 1812 மார்ச் 11 அன்று வந்தது. சீராம்பூர் அச்சுக்கூடம் தீப்பற்றியது. காகிதம், அச்சு எழுத்துக்கள், பல ஆண்டு உழைப்பில் உருவான கையெழுத்துப் பிரதிகள் சாம்பலாயின. கல்லூரி ஆசிரியர் பணிக்காகக் கல்கத்தாவில் இருந்த கேரிக்கு மறுநாள் காலை செய்தி எட்டியது. ஊர் திரும்பியவர் கண் கலங்கினார். ஆனால் ஓய்ந்து உட்காரவில்லை. சாம்பலில் உருகிக் கிடந்த ஈயத்தைத் தோண்டியெடுத்து, தீக்குத் தப்பிய வார்ப்பு அச்சுகளைக் கொண்டு புது எழுத்துக்கள் வார்த்தார்கள். எரிந்துபோனவற்றைக் கேரி மறுபடியும் எழுதத் தொடங்கினார்.

1834-ல் சீராம்பூரிலேயே காலமானார். இடைப்பட்ட 41 ஆண்டுகளில் ஒரு முறைகூடச் சொந்த நாடு திரும்பவில்லை. நேற்று விட்ட வேலையை இன்று காலை மீண்டும் கையில் எடுப்பதுதான் அவர் அன்றாடம் சுமந்த சிலுவை. அவருடைய நம்பிக்கையும் அதிலேதான் இருந்தது.