செகண்ட் ஹேண்ட் கார் வாங்கின ராய்ஸ்

பெரிய லக்ஸரி செடான் ஒண்ணு, பத்து வருஷம் ஓடினது, புது விலையில் பாதிக்கும் கீழே வருதுன்னா உங்களுக்குக் கை துறுதுறுக்கும்தானே? வாங்கின பிறகுதான் கூலன்ட் லீக், சஸ்பென்ஷன், வயரிங் என்று ஒவ்வொன்றாகத் தலைகாட்டும். ஒரே மாதத்தில் வேறு யார் தலையிலாவது கட்டிவிடப் பார்ப்பீங்க.

1903 வாக்கில் இங்கிலாந்தின் மான்செஸ்டரில் ஒருத்தர் அப்படித்தான் ஒரு பழைய காரை வாங்கினார். ஆனா விற்கவில்லை. அக்கக்காகக் கழற்றிப் போட்டார். அவர் ஹென்றி ராய்ஸ். ஆமா, ரோல்ஸ் ராய்ஸின் பின்பாதி அவர்தான்.

1863-ல் பிறந்தவர். மாவு மில் நடத்தி நொடித்துப்போன அப்பா இறந்தபோது பையனுக்கு 9 வயசு. பேப்பர் விற்றார், தந்தி கொண்டுபோய்க் கொடுத்தார். சொந்தக்கார அம்மா ஒருத்தர் பணம் கட்டி ரயில்வே பட்டறையில் அப்ரண்டிஸாகச் சேர்த்துவிட்டார். மூணு வருஷத்தில் அந்தப் பணமும் தீர்ந்தது, பயிற்சி பாதியில் நின்றது. (செமஸ்டர் ஃபீஸ் கட்ட அலைந்தவர்களுக்கு இது புரியும்.) 1884-ல் கிளேர்மான்ட் என்ற நண்பரோடு சின்ன பட்டறை போட்டார். மின்சார மணியில் ஆரம்பித்து டைனமோ, கிரேன் வரை போனது.

வாங்கின கார் பிரெஞ்சு டெக்காவில். இரண்டு சிலிண்டர், 10 குதிரைத்திறன். அந்தக் காலத்துக்கு மோசமான வண்டி என்று சொல்ல முடியாது. ஆனா அதன் சத்தமும் அதிர்வும் ராய்ஸுக்குப் பிடிக்கவே இல்லை. ரிப்பேர் பார்ப்பதைவிட, அதையே மாதிரியாக வைத்து ஒவ்வொரு பாகத்தையும் திருத்திப் புதுசாகச் செய்துவிடலாம் என்று இறங்கிட்டார். இக்னிஷன், கார்புரேட்டர், சைலன்சர் எதையும் விடவில்லை. 1904 ஏப்ரல் 1 அன்று அவருடைய முதல் கார் ரோட்டில் ஓடியது. முட்டாள்கள் தினம்தான், ஆனா வண்டி ஓடுச்சு! அடுத்த மாதமே கார் வியாபாரி சார்லஸ் ரோல்ஸ் மான்செஸ்டருக்கு வந்து பார்த்தார். மிச்சக் கதை உங்களுக்கே தெரியும்.

மெயின்டெனன்ஸ் பில் பார்த்து மிரண்டவங்க இதைக் கேளுங்க. 1907-ல் சில்வர் கோஸ்ட் காரைக் கிட்டத்தட்ட 15,000 மைல் ஓட்டி, பிறகு முழுசாகப் பிரித்துச் சோதித்தார்கள். புதுசு போல ஆக்கத் தேவைப்பட்ட பாகங்களின் செலவு இரண்டு பவுண்டுக்குச் சற்று மேல். அவ்வளவுதான்.

இத்தனை அக்கறையில் பாதியைக்கூட மனுஷன் தன் உடம்பின் மேல் வைக்கவில்லை. வேலை மும்முரத்தில் சாப்பாட்டையே மறந்துடுவார். 1911 வாக்கில் உடம்பு ஒரேயடியாகப் படுத்துவிட்டது. அதன்பின் தொழிற்சாலைப் பக்கம் போகாமல், கடலோர வீடுகளில் இருந்தபடி, நர்ஸ் ஒருவரின் பராமரிப்பில் இருபது வருஷத்துக்கும் மேல் டிசைன் வேலை பார்த்தார். வரைபடங்கள் டெர்பி தொழிற்சாலைக்குப் போய்க்கொண்டே இருந்தன.

1933 ஏப்ரலில் இறந்தார். பின்னாளில் ஸ்பிட்ஃபயர் விமானத்தைத் தூக்கிப் பறந்த மெர்லின் எஞ்சின், அவர் இருந்தபோதே தொடங்கிய வேலை. அது முதல் தடவை ஸ்டார்ட் ஆனது அதே வருஷம் அக்டோபரில்.